உமி கலந்த சாபம்

கல்யாணமாகிக் குமராட்சிக்கு வந்த ஐந்தாம் மாதத்திலிருந்து இளமதிக்கு மேலே மட்டும் தனியாக ஒரு வெயில் அடித்தது. அதே மாதத்தில்தான் சிதம்பரம் போகும் மினி பஸ்ஸில் டிக்கெட் விலையும் ஏறியது. ஊரில் டிக்கெட்டைப் பற்றித்தான் முதலில் பேசினார்கள். வெயில், தெற்கே கொள்ளிடக் கரைப் பக்கம் தென்னை உயரத்தில் நின்றது. உதிக்கவில்லை, மறையவில்லை. சூடு கிடையாது. வெல்டிங் பட்டறை வெளிச்சம் போல நீலம் கலந்த வெள்ளை. ஒரு வீட்டு அகலத்துக்கு விழுந்தது. அவள் நடந்தால் கூடவே நடந்தது, உட்கார்ந்தால் நின்றது. ஓடு, செங்கல், கான்கிரீட் எதுவும் அதைத் தடுக்கவில்லை. வீட்டுக்குள்ளும் வாசலில் இருந்த அளவே வெளிச்சம் இருந்தது. கரண்ட் பில் பாதியாகக் குறைந்தது. எதிர்வீட்டுப் பொன்னுரங்கம் அந்த வெளிச்சத்தில் திண்டு போட்டு உட்கார்ந்து சீட்டாடினார். அவர் இளமதியின் மாமனாருக்குப் பங்காளி முறையில் தம்பி. மாமனார் இறந்த பிறகு அந்த வீட்டு விஷயங்களில் தனக்கும் ஒரு சொல் உண்டு என்று நினைப்பவர்.

வளர்ந்த உயிர்களை அந்த வெயில் ஒன்றும் செய்யவில்லை. முளைக்க வேண்டியதைத்தான் முளைக்க விடவில்லை. முதலில் தயிர் உறையவில்லை. பிறகு இட்லி மாவு புளிக்கவில்லை. அடைக்கு உட்கார்ந்த கோழி நாள் தாண்டியும் உட்கார்ந்தே இருந்து, கடைசியில் முட்டைகளைத் தானே கொத்தி உடைத்துவிட்டு எழுந்து போனது. "எங்க ஊட்டுல பால் ஒறையாத நாளே கெடையாது. இவ கால வச்சா, பாலுக்கே பயம் வந்துட்டுது" என்று மாமியார் இருசம்மாள் தெருவில் நின்று சொன்னாள். இளமதிக்குக் கருவும் தங்கவில்லை. முதலாவது மூன்றாம் மாதம் போனது. இரண்டாவது ஐந்தாம் மாதம் போனது. கடலூரில் அவளைப் பார்த்த டாக்டர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஸ்கேனைப் பார்த்தார். பிரசவ வார்டு இருக்கும் மாடிக்கு இனி வர வேண்டாம் என்று நர்ஸ் வந்து சொன்னாள். இளமதி முதுநகரில் அம்மா வீட்டுக்குப் போனாள். வெயில் பஸ்ஸுக்கு மேலேயே கூட வந்து அந்தத் தெருவிலும் நின்றது. பக்கத்து வீட்டில் அப்போது ஒரு மருமகள் முழுகாமல் இருந்தாள். அவர்கள் அம்மாவிடம் சண்டை போடவில்லை, பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். அம்மா அடுத்த நாள் காலையில் இளமதியின் பையைக் கட்டி வைத்தாள்.

இளமதிக்குச் சிதம்பரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. துறைமுகத்தில் ஐஸ் உடைத்த அப்பா படிக்க வைத்துப் பெற்ற வேலை. பேராசிரியர் சபாபதியின் ஆய்வு அது. உலகம் புதிதாக இருந்தபோது ஓசோன் போர்வை கிடையாது, அன்றைய வெயிலில் முதல் மரபு இழை வெறும் நீரில் கிடந்திருந்தால் உடனே அறுந்திருக்கும், ஆனால் களிமண்ணின் மெல்லிய ஏடுகளுக்கு நடுவே போய் ஒட்டிக்கொண்ட இழை பிழைத்திருக்கலாம், நாம் எல்லோரும் அந்த இழையின் பிள்ளைகளாக இருக்கலாம் என்பது அவர் கட்சி. பார்த்த சாட்சி யாரும் இல்லாததால் எல்லா வாக்கியத்தையும் 'இருக்கலாம்' என்றே முடிப்பார். வீட்டில் சாப்பாடு நன்றாக இருக்கிறதா என்று கேட்டாலும் அதே பதில்தான் என்பார்கள். கொள்ளிடக் கழிமுகத்துக் களிமண்ணைக் கழுவி, சலித்து, சில குழாய்களில் இழையை நீரோடும் சிலவற்றில் களிமண்ணோடும் வைத்து, புற ஊதா விளக்குக்குக் காட்டி, எது அறுந்தது என்று பார்ப்பது இளமதியின் வேலை. வெயில் வந்த பிறகு விளக்கைப் போட வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. அவள் உள்ளே வந்தாலே குளிர்பெட்டியில் பூட்டி வைத்த இழைகள்கூட அறுந்தன. பக்கத்து அறைக்காரர்கள் வளர்த்த கிருமிகள் தட்டோடு செத்தன. களிமண்ணுக்குள் இருந்த இழை மட்டும் முழுசாகக் கிடந்தது. சபாபதி அதைத் திரும்பத் திரும்பச் சோதித்துவிட்டு இளமதியை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "நீ வராம இருந்தா நல்லதா இருக்கலாம்" என்றார். அந்த முடிவைக் கட்டுரையாக எழுதியபோது அவள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'இயற்கையான ஒளி மூலம்' என்று போட்டார்.

அடுத்த ஆனியில் மூன்றாவது கரு உண்டானது. இருசம்மாள் மகிழவில்லை. "இதுவும் போச்சின்னா நெல்லிக்குப்பத்துல ஒரு பொண்ணப் பாத்து வச்சிருக்கேன். சக்கர ஆலைல வேலை பாக்கறவரு பொண்ணு. அவ மேல மழகூட அளவாத்தான் பேயும்" என்று மகன் கதிர்வேலிடம், இளமதி காதில் விழும்படி சொன்னாள். நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவன் கதிர்வேல். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். அன்றைக்கு இளமதி அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். ஒரு டிராக்டர் களிமண். வீட்டின் தெற்குச் சுவரிலும் மாடியிலும் அப்ப வேண்டும். தான் பிள்ளை பிறக்கிற வரை உள்ளேயே இருந்துகொள்வதாகச் சொன்னாள். ஆய்வுக்கூடத்தில் பார்த்ததையும் சொன்னாள். அவனுக்கு இழை புரியவில்லை, களிமண் புரிந்தது. டீக்கடையில் போய்ப் பொன்னுரங்கத்திடம் கேட்டான்.

அவன் கேட்ட நேரம் சரியில்லை. டாக்டரைப் பார்க்கப் போகும்போது இளமதி பஸ்ஸுக்கு நடந்த வரப்பு பொன்னுரங்கத்தின் நாற்றங்காலை ஒட்டிப் போகிறது. அவள் நடந்து போன இடமெல்லாம், தலையில் வகிடு எடுத்ததுபோல, ஒரு நாற்றும் இல்லாமல் வெறும் சேறாகக் கிடந்தது. ஆவணியில் ஊர் கூடியது. அவளை மினி பஸ்ஸில் ஏற்றக் கூடாது, வயல் பக்கம் அவள் வரக் கூடாது, அந்த வீட்டுக்கு யாரும் கூலிக்குப் போகக் கூடாது என்று முடிவானது. கடைசியில் பொன்னுரங்கம் எழுந்தார். "எங்க நாத்தக் கொன்னவளுக்கு எங்க மண்ணு கேக்குதா? ஏரி மண்ணா இருக்கட்டும், வாய்க்கா மண்ணா இருக்கட்டும், ஒரு கூடை அந்த ஊட்டுக்குப் போவக் கூடாது" என்றார். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். கதிர்வேல் கூட்டத்தின் ஓரத்தில் நின்று தலையாட்டினான். "சித்தப்பாவப் பகைச்சிக்கினு இந்த ஊருல மெஷின் ஓட்ட முடியாது" என்று வீட்டில் வந்து சொல்லிவிட்டு, குறுவை அறுப்புக்கு நாகப்பட்டினம் பக்கம் போய்விட்டான். இருசம்மாள் பாயையும் வெற்றிலைப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குக் குடிபோனாள். வெளிச்சத்தில் தூக்கம் வரவில்லை என்று காரணம் சொன்னாள். இளமதி தனியாக இருந்தாள். அரிசியும் பால் பவுடரும் இருந்தன. தண்ணீர்க் குழாயை மட்டும் ஊர் மறந்துபோய் அடைக்காமல் விட்டிருந்தது.

கூட்டத்துக்கு முன்பே பொன்னுரங்கம் இரண்டாவது முறை தெளித்திருந்த விதையும் வரவில்லை. அன்றைக்கு அவர் நேராக நாற்றங்காலுக்குப் போய், இரண்டு கையாலும் ஈர மண்ணை வாரிக்கொண்டு வந்து, இளமதியின் வாசலில் நின்றார். "என் வயிறு எரியற மாரி ஒன் வயிறு எரியட்டும். மண்ணாப் போ" என்று சொல்லி வீட்டின் மேல் தூற்றினார். வயிறெரிந்தவர்கள் மண்ணை வாரித் தூற்றுவது அந்தப் பக்கத்து வழக்கம். போலீஸ் ஸ்டேஷனைவிட அலைச்சல் குறைவு. கெட்டுப்போன நிலத்து மண்ணாக இருந்தால் சாபத்துக்குப் பலம் ஜாஸ்தி என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதனால் மறுநாளிலிருந்து நாற்று போனவர்கள் எல்லோரும் அவரவர் வயலிலிருந்து மண் கொண்டுவந்தார்கள். நாற்று போகாதவர்களும் கோழிக்காகவும் உறவுக்காகவும் வந்தார்கள். வீட்டின் தலையில் விழ வேண்டும் என்று மாடிக்கும் வீசினார்கள். எல்லாம் கொள்ளிடம் காலங்காலமாகக் கொண்டுவந்து போட்ட களிமண். இளமதி உள்ளே காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அழுதாள் என்று சொல்கிறார்கள். அழுதாள், ஆனால் அதிக நாள் இல்லை.

ஏனென்றால் தெற்குச் சுவரை ஒட்டிய அலமாரியில் மறந்து வைத்திருந்த பால் உறைந்திருந்தது. முழுதாக இல்லை. மேலே கொழகொழவென்று, அடியில் தண்ணீராக, அரைகுறைத் தயிர். அவள் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். புளித்தது. வேறு மூன்று இடங்களில் பாலை உறை ஊற்றி வைத்துப் பார்த்தாள். மண் அதிகமாக விழுந்த இடத்துக்குப் பின்னால் வைத்தது மட்டும் உறைந்தது. வெளியே போய் அந்தச் சுவரைப் பார்க்க ஆசை வந்தது, போகவில்லை. கட்டிலை இழுத்து அந்தச் சுவரோரம் போட்டுக்கொண்டாள். மறுநாள் காலை பொன்னுரங்கம் ஒரு கை மண் வீசிவிட்டுத் திரும்பியபோது ஜன்னலிலிருந்து அவள் குரல் வந்தது.

"அவ்ளோதானா மாமா? ஒரு கை மண்ணுக்கே மூச்சு வாங்குதே. நாத்து எப்பிடிப் பறிப்பீங்க?"

பொன்னுரங்கம் நின்றார். அந்த வீட்டிலிருந்து அதுவரை அவர் பதில் கேட்டதில்லை.

"வாய் ஜாஸ்தியா இருக்குது" என்றார்.

"மொளைக்காதது என் வெளிச்சத்தால இல்ல. நீங்க போட்ட வெதையே சொத்த. ஊரே சிரிக்கிது, உங்களுக்குத்தான் கேக்கல."

அவர் போய்க் கூடையை எடுத்துவந்தார். அன்று மட்டும் ஏழெட்டு நடை நடந்தார். அடுத்த நாள் இளமதி கோழி போனவளிடம் கோழியைப் பற்றியும், மாவு புளிக்காதவளிடம் அவள் இட்லியைப் பற்றியும், மினி பஸ் டிரைவரிடம் அவன் ரிவர்ஸ் எடுக்கும் அழகைப் பற்றியும் பேசினாள். ஒவ்வொருவருக்கும் எது வலிக்கும் என்று யோசித்து வைத்துக்கொண்டு, அவர்கள் கையில் மண் இருக்கும்போது பார்த்துச் சொன்னாள். மாடியில் மண் விழாத மூலை இருந்தால் அந்தப் பக்கத்து ஜன்னலுக்குப் போய் நின்று பேசினாள். கூட்டம் அங்கே திரும்பியது. படித்த பெண் இப்படிப் பேசுவாள் என்று ஊர் நினைக்கவில்லை. முன்பு அவள் எல்லோரையும் வாங்க போங்க என்று தலை குனிந்து போனவள். புரட்டாசி முடிவதற்குள் தெற்குச் சுவரில் ஒரு சாண் கனத்துக்கு மண் ஏறியது. உள்ளே வெளிச்சம் மங்கியது. மூன்றாம் மாதம் தாண்டியது, நான்காம் மாதமும் தாண்டியது.

இருசம்மாளும் வந்தாள். முதல் நாளிலிருந்தே வந்தாள். எல்லோருக்கும் முன்னால், விடிந்ததும், தனியாக வந்து தூற்றிவிட்டுப் போவாள். அவள் சாபம்தான் இருப்பதிலேயே நீளம். மருமகளின் படிப்பில் தொடங்கி, முதுநகர் உப்புத் தண்ணீரைத் தொட்டு, அவள் அப்பா உடைத்த ஐஸ் வரைக்கும் போகும். இளமதி மற்ற எல்லோருக்கும் பதில் வைத்திருந்தாள், மாமியாருக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. பதில் சொன்னால் அழுகை வந்துவிடும் என்பது ஒரு காரணம். சொல்லாமலே மண் விழுகிறது என்பது இன்னொன்று.

ஐப்பசியில் மழை பிடித்தது. அந்த வருஷம் கொள்ளிடத்தில் கரை தொட்டுத் தண்ணீர் போனது. தெருவில் முழங்கால் தண்ணீர். மாடியிலிருந்தும் சுவரிலிருந்தும் சாபங்கள் எல்லாம் கரைந்து, பழுப்பாக ஓடி, பொன்னுரங்கத்தின் வாசலைத் தாண்டி வாய்க்காலில் கலந்தன. வீட்டுக்குள் வெளிச்சம் பழையபடி ஏறியது. அது ஐந்தாம் மாதம். இளமதி கட்டிலை அறைக்கு அறை இழுத்தாள். எங்கே வைத்தாலும் உடம்பில் வெளிச்சம் விழுந்தது. அடி வயிற்றில் இரண்டாவது தடவை வந்த அதே வலி, அதே இடத்தில் வந்தது. கதிர்வேலுக்கு போன் போட்டாள். "டவர் கெடைக்கல, அப்பறம் கூப்புடறேன்" என்றான். அவன் குரல் தெளிவாகவே கேட்டது. தண்ணீரில் நின்றுகொண்டு மண் வாரி வீச யாரும் வரவில்லை. திட்டுவதற்கும் ஆள் இல்லை.

சமையலறை மூலையில் மட்டும் நிழல் இருந்தது. ஒரு ஆள் குறுக்கிப் படுக்கிற அளவுக்கு. அவள் அங்கே போய் முழங்காலை மடக்கிப் படுத்தாள். வலி அன்று சாயங்காலம் நின்றது. மழை விட்ட பிறகு ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி அந்த மூலைச் சுவரைத் தடவினாள். மண் அப்படியே இருந்தது. சுரண்டிப் பார்த்தாள். விரலில் உமி வந்தது. பொடியாக நறுக்கின வைக்கோலும் வந்தது. முகர்ந்தால் புளித்த வாசனை. நாள்கணக்கில் ஊறவைத்து, மிதித்து, குழைத்த மண். சுவர் பூசுகிறவர்கள் அப்படிச் செய்வார்கள். சாபம் விடுகிறவர்கள் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். அந்த மூலையில் நின்று தூற்றுகிறவள் ஒருத்திதான். மறுநாள் விடிந்ததும் இருசம்மாள் தண்ணீரில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலையில் கூடையோடு வந்தாள். கல்யாணமான புதிதில் பேசியது போல இளமதி மெதுவாகக் கேட்டாள்.

"அத்த, மண்ணுல ஏன் உமி கலந்திருக்கீங்க?"

இருசம்மாள் ஒரு கை மண் எடுத்துச் சுவரில் ஓங்கி அறைந்தாள். சுவர் அதிர்ந்தது.

"சாபம் ஒட்ட வாணாமா" என்றாள்.

இன்னொரு கை அறைந்தாள். "எங்கம்மா ஊட்டுல வெதத் துவரைக்கிச் செம்மண்ணு கட்டித்தான் வைப்போம். வண்டு வராது, வெயிலு ஏறாது. ஒனக்காக ஒண்ணும் இல்ல. நீ எக்கேடு கெட்டுப் போ. வெத எங்க ஊட்டுது." பிறகு ஐஸ் உடைத்த சம்பந்தியிலிருந்து தொடங்கி வழக்கமான சாபத்தை ஒரு சொல் விடாமல் சொல்லி முடித்து, கூடையைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போனாள். இளமதி ஜன்னலைச் சாத்தினாள். மாமியார் மேல் அவளுக்கு இருந்த கோபம் குறையவில்லை. நெல்லிக்குப்பத்துப் பெண்ணை அவள் மறக்கவில்லை. ஆனால் அன்று சாப்பிட்டாள்.

பொன்னுரங்கம் மழை விட்டதும் வந்து சுவரைப் பார்த்தார். தன் சாபமெல்லாம் தெருவில் சேறாகக் கிடக்க, அண்ணி இருசம்மாளின் சாபம் மட்டும் மூலையில் பாறையாக நிற்பது அவருக்கு அவமானமாக இருந்தது.

"இது எப்பிடி நிக்கிது அண்ணி?"

"ஒப்புக்குத் திட்டுனா ஒட்டாது. உமி கல. ஊறவை. காலால மிதி. மனசுல இருக்கறது மண்ணுல எறங்கணும்."

அவர் கலந்தார். ரைஸ் மில்லில் உமிக்குச் சொல்லி வைத்தார். மற்றவர்களும் கலந்தார்கள். ஊரில் மண் மிதிக்கிற போட்டியே நடந்தது. யார் மண் உதிர்ந்தாலும் அவர் மனசில் வெறுப்பு போதவில்லை என்று பேச்சானது. அதற்குப் பயந்து சாதுவான ஆள்கள்கூட நன்றாக மிதித்தார்கள். ஜன்னலுக்குப் பின்னால் இளமதியும் சும்மா இல்லை. "இதெல்லாம் ஒரு சாபமா, இருமுனா உதுந்துடும்" என்றாள். கார்த்திகையில் பொன்னுரங்கம் ஏரி வண்டலை டிராக்டரில் அடித்துக்கொண்டு வந்தார். ஒரு கூடை போகக் கூடாது என்று ஊர் கூடி முடிவெடுத்த வீட்டுக்கு, முடிவெடுத்தவரே டிப்பர் டிப்பராகக் கொட்டினார். அது உதவி இல்லை, சாபம் என்பதால் யாரும் தடுக்கவில்லை. மார்கழியில் தெற்குச் சுவர் கையை நீட்டினால் எட்டாத கனத்துக்கு வந்தது. வாசல் பாதி மூடிப்போனது. வீட்டுக்குள் முதல் முறையாக இருட்டியது. இளமதி லைட் போட்டாள். கரண்ட் பில் பழையபடி ஏறியது. இட்லி மாவு புளித்துப் பாத்திரத்தை விட்டு வழிந்தது.

பங்குனியில் வலி வந்தபோது ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வந்த நர்ஸால் உள்ளே போக முடியவில்லை. வாசலில் பூனை நுழைகிற இடம்தான் இருந்தது. இருசம்மாள் கடப்பாரை எடுத்தாள். "சாபத்த இடிக்கறீங்களே அண்ணி" என்றார் பொன்னுரங்கம். "உள்ள போய் முழுசாத் திட்டிட்டு வரேன்" என்று சொல்லி அவள் இடித்தாள். மண் கட்டி கட்டியாக விழுந்தது. ஒவ்வொரு கட்டிக்கு நடுவிலும், உமியோடு தப்பி வந்த நெல் வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தது. பொன்னுரங்கம் ஒரு கட்டியை எடுத்து உடைத்துப் பார்த்தார். முளையை நகத்தால் தொட்டார். அந்த வெயிலில், அந்த வாசலில். உள்ளே குழந்தை கத்தியது. பெண். இருசம்மாள் வெளியே வந்து, "மூக்கு எங்க ஊட்டு மூக்கு. வாயி அவ வாயி" என்று அறிவித்தாள். "சாபம் ஒட்டுச்சி. பலிக்கத்தான் இல்ல" என்று பொன்னுரங்கம் கையைத் தட்டிக்கொண்டு போனார்.

அடுத்த ஆவணியில் அவர் விதைநெல்லைக் களிமண்ணில் உருட்டித் தெளித்தார். வகிடு விழுந்த இடத்திலும் நாற்று வந்தது. அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசவில்லை. இளமதியிடம் நிச்சயமாகப் பேசவில்லை. இப்போது அந்தப் பக்கம் எல்லோரும் அப்படித்தான் தெளிக்கிறார்கள். கேட்டால் எப்போதும் அப்படித்தான் என்பார்கள். கதிர்வேல் அறுப்பு முடிந்து வந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, டவர் கிடைக்காததைப் பற்றி விவரமாகச் சொன்னான். இளமதி கேட்டுக்கொண்டாள். இன்றுவரை அந்தப் பேச்சுக்கு அவள் பதில் சொல்லவில்லை. சிதம்பரத்திலிருந்து சபாபதி ஒருமுறை காரில் வந்து, சுவரில் ஒரு கட்டி பெயர்த்துத் தரும்படி கேட்டார். தர முடியாமல் இருக்கலாம் என்று சொல்லி அனுப்பினாள். இருசம்மாள் பாயையும் வெற்றிலைப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள். மருமகளோடு அவள் பேசுவது திட்டுவதற்கு மட்டும். மருமகளும் அப்படியே. ஒரே அடுப்பில் சமைக்கிறார்கள். தயிர் கத்தியால் வெட்டுகிற பதத்துக்கு உறைகிறது.

வெயில் இன்னும் அதே இடத்தில் நிற்கிறது. மினி பஸ் கண்டக்டர் அந்த நிறுத்தத்தை "வெளிச்சம் எறங்கு" என்று கூப்பிடுகிறார். டிக்கெட் இரண்டு முறை ஏறிவிட்டது. ஒவ்வொரு ஐப்பசிக்கும் முன்னால் ஊர் கூடி வந்து உமி கலந்த மண்ணை அறைந்து, வரிசையாகத் திட்டிவிட்டு, மழை தாங்குமா என்று ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. பிறந்த பத்தாம் மாதத்தில் குழந்தை முதல் முறையாக வாசல் தாண்டித் தவழ்ந்தது. இளமதி பின்னால் வந்து நின்றாள், வெயிலும் வந்தது. குழந்தை வெளிச்சத்தில் உட்கார்ந்து, சுவரைப் பிய்த்து ஒரு கட்டி எடுத்து, வாயில் போட்டு மென்றது. பொன்னுரங்கம் எதிரிலிருந்து, "ஏ, கொழந்த மண்ணு தின்னுது பாரு" என்றார்.

இளமதி மாமியாரைப் பார்த்தாள். மாமியார் மருமகளைப் பார்த்தாள்.

"தின்னட்டும்" என்றார்கள் இரண்டு பேரும்.